குஞ்சரத்தம்மாள் மூட்டிய அடுப்பு: பஞ்சம் போனபின் மிஞ்சியது என்ன?

உங்கள் மகள் கேட்டதைப் படித்ததும் அந்தப் பிள்ளை மேல் எனக்கு மரியாதை வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மதுரையில் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் பேசப் போகிறாள். "அந்தம்மா சொத்தையெல்லாம் வித்துக் கஞ்சி ஊத்தியும் பஞ்சம் நிக்கலையே, சனங்க செத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. இத்தனை வருஷம் கழிச்சு அதுல என்னப்பா மிச்சம்?" என்று உங்களைக் கேட்டிருக்கிறாள். 'தியாகத் திருவிளக்கு' என்று நாலு அடைமொழி சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். இந்தக் கேள்வியோடு மேடை ஏறுவதுதான் கஷ்டம். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மதுரையில் செவிவழியாக வந்து, பின்னால் எழுத்தில் ஏறிய வரலாறு இது. வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரத்தம்மாள் என்றொரு தாசி வாழ்ந்தார். இரண்டு பெரிய வீடுகள், நிறையத் தங்கம், வெள்ளிப் பாத்திரங்கள் என்று செழிப்பாக இருந்தவர். பஞ்சம் முற்றி, சுற்றுவட்டாரத்து சனங்கள் நகரத்துக்குள் வந்து வீதியில் விழத் தொடங்கியபோது, அவர் அடுப்பு மூட்டினார். நாளைக்கு ஒரு வேளை, வந்தவருக்கெல்லாம் கஞ்சி. சேதி பரவிக் கூட்டம் பெருகியது. நகை போனது, பாத்திரம் போனது, வீடுகளும் போயின. பதின்மூன்று மாதம் அந்த அடுப்பு அணையவில்லை என்பார்கள். அவர் தொடங்கி ஆறு வாரம் கழித்துத்தான் கலெக்டர் கஞ்சித் தொட்டி திறந்தார் என்பார்கள். கடைசியில் ஒரு சந்துக்குள் ஓட்டு வீட்டுக்குக் குடிபோய், பஞ்சம் தணிகிற வேளையில் படுக்கையில் விழுந்து இறந்துபோனார். திருவிழாவுக்குக் கூடுகிற மாதிரி அவருடைய சாவுக்கு மதுரை சனம் கூடியது என்று அந்த வரலாறு முடிகிறது.

மாதக் கணக்கு, வாரக் கணக்கு வரும் இடங்களில் 'என்று சொல்வார்கள்' என்றே உங்கள் மகளும் சொல்லட்டும். செவிவழியாக வந்தது என்பதால் அதற்கு மதிப்புக் குறைவில்லை. எழுதத் தெரியாத சனங்கள் ஒருவரை மறக்காமல் வைத்திருந்த விதம் அது. பஞ்சத்தைப் பற்றியோ அரசாங்கக் காகிதங்களே மலைபோலக் கிடக்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த அம்மாள் செய்தது என்னவென்று விளங்குகிறது.

தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை குறைந்தது; நம் பக்கம் நம்பியிருக்கிற ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் பொய்த்தது. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் 1877 செப்டம்பர் வரை வானம் திறக்கவில்லை. பசிபிக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியதால் வந்த எல் நினோ என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். பதிவில் உள்ள மிகக் கடுமையானவற்றில் அதுவும் ஒன்று. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு வராத காலம் அது. மழை தவறினால் ஆறு வெறும் மணல். கண்மாய் காய்ந்தது, ஆடுமாடு செத்தது, காட்டுவேலை நின்றது. சோற்றுக்கே காசில்லாதபோது சேலை வாங்க ஆளேது? தறியும் நின்றது. எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துத் தின்றார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது இந்தப் பஞ்சத்தைத்தான். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இருக்க வழியில்லாமல் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் தனி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தானியமே இல்லாமல் போய்விடவில்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் 1875இலேயே வந்துவிட்டது. மறு வருஷம் தூத்துக்குடி வரை ஓடியது. தானியம் ரயிலில் வந்தது. ஆனால் எட்டாத விலையில் வந்தது. வாங்கக் கையில் கூலி இல்லை. பஞ்சம் என்றால் எல்லார் வீட்டிலும் ஒன்றுபோலப் பசி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இருக்கவில்லை. மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்கும் விழுந்து கிடந்த உடம்புக்கும் நடுவே ஒரு தெருதான் இருந்தது. குஞ்சரத்தம்மாள் தன் நகையை அரிசியாக மாற்ற முடிந்ததே, விற்பதற்கு அரிசி இருந்ததால்தான்.

அரசாங்கம் என்ன செய்தது? சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன் முதலில் தானியம் வாங்கி வைக்கப் பார்த்தார். வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் கடிந்துகொண்டார். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதம் செலவைக் குறைப்பதற்காக லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு வந்தார். அவர் வைத்த கணக்கு இது: நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலி, அதாவது சுமார் 450 கிராம்; மேற்செலவுக்கு ஓர் அணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. நாள் முழுதும் கல் உடைத்து மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். அவரும் அதே அரசாங்கத்து அதிகாரிதான். பட்டினியால் சாகிறவர்களின் கணக்கை முன்னால் வைத்து வாதாடினார். பிறகு கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர் போனதுதான்.

அந்தக் கூலி எத்தனை கிராம் என்பதைவிட, அதன் பின்னால் இருந்த எண்ணத்தைத்தான் கவனிக்க வேண்டும். நிவாரணம் சுலபமாகக் கிடைத்தால் சனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள்; அதனால் உண்மையிலேயே பசிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வேலை செய்கிறானா, வீட்டைவிட்டு முகாமுக்கு வருகிறானா, விற்க ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் சோறு. இந்த எண்ணம் லண்டனிலிருந்து வந்தது, கல்கத்தா வழியாக நம் ஊர் அரசாங்க அலுவலகம் வரைக்கும் இறங்கியது.

வடக்கு ஆவணி மூல வீதி அடுப்பில் இந்தச் சோதனை எதுவும் இல்லை. ஏனத்தை நீட்டினால் கஞ்சி. நான் பார்க்கிற வரையில் அந்த அம்மாளின் பெருமை இதில்தான் இருக்கிறது. சொத்தை அழித்தது அதற்கு அடுத்ததுதான். படித்த பெரிய மனிதர்களெல்லாம் 'யாருக்குக் கொடுப்பது, எந்த நிபந்தனையில் கொடுப்பது' என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பசித்து வந்தால் போடு என்று நின்றவர் அவர்.

கஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நாள் பட்டினி கிடந்த குடலுக்குத் திடீரென்று வயிறு நிறையச் சோறு போட்டால் ஆளே போய்விடலாம். உடம்பின் உப்புச்சத்து நிலைகுலைந்து இதயம் நின்றுவிடும். இன்றைக்கு மருத்துவர்கள் பட்டினி கிடந்தவருக்கு அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்டுகிறார்கள். நொய்யும் உப்பும் போட்டுக் குழைய வேகவைத்த நீர்த்த கஞ்சி அந்த நிலைக்குத் தோதானது. பஞ்சத்தோடு காலராவும் சுற்றிய நேரத்தில், கொதித்த தண்ணீர் வயிற்றுக்குள் போவதே ஒரு காப்பு. நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கிற பழக்கத்தில் இந்த அறிவு முன்பிருந்தே உண்டு.

இனி, எல்லாரும் மெதுவாகத் தாண்டிப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஒரு தாசி. பள்ளி மேடை என்பதால் 'ஒரு செல்வந்தப் பெண்மணி' என்று மாற்றிச் சொல்லத் தோன்றும். தயவுசெய்து மாற்றாதீர்கள். அதை எடுத்துவிட்டால் நடந்ததே புரியாது. அந்தக் காலத்துக் குடும்பப் பெண்ணுக்குச் சீதனம் தவிரத் தன் விருப்பப்படி விற்கச் சொத்து கிடையாது. வீடும் நிலமும் புருஷன் பேரிலோ அண்ணன் தம்பி பேரிலோ இருக்கும். தாசி மரபுப் பெண்களுக்கு அப்படி இல்லை. சொத்து தாயிடமிருந்து மகளுக்கு வரும்; தத்தெடுக்கலாம்; சம்பாதித்ததை யாரையும் கேட்காமல் விற்கலாம். ஊர் அவர்களை எவ்வளவு தள்ளி வைத்ததோ, அவ்வளவுக்கு ஒரு சுதந்திரமும் அவர்கள் கையில் இருந்தது. பெரிய வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் திண்ணையில் விழுந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்பார்கள்! சீதன வளையல் ஒன்றைக் கழற்றி விற்கக்கூட நடைமுறையில் அவர்கள் ஆம்பளைகளிடம் கேட்க வேண்டும். குஞ்சரத்தம்மாள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். அந்த வழக்கத்தில் பிஞ்சுப் பிள்ளைகள் பட்ட பாட்டை மறைத்துப் பேசக் கூடாது. அதேசமயம் அந்தப் பெண்கள் செய்த நல்லதையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

மதுரைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு பொருத்தம் இங்கே இருக்கிறது. அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட மணிமேகலை, கணிகையர் குலத்து மாதவியின் மகள். அந்தக் காப்பியத்தின்படி அமுதசுரபி முதலில் ஆபுத்திரன் கைக்கு வந்தது நம் மதுரையில், சிந்தாதேவி கோயிலில். அவனும் குலம் பார்த்து ஊர் விரட்டிய பிள்ளை. காப்பியத்தைப் பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி, என்றே மரபு சொல்கிறது. ஊர் ஒதுக்கியவர்தான் ஊருக்குச் சோறு போடுவார் என்பதைத் தமிழ் இவ்வளவு காலம் முன்பே எழுதி வைத்திருக்கிறது. குஞ்சரத்தம்மாள் மணிமேகலையைப் படித்தாரா, கேட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த ஊர் அவரைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வழி ஏற்கெனவே இருந்தது. தாசியின் கையால் வந்த கஞ்சி, தாசியின் பாடைக்குப் பின்னால் நடந்த கூட்டம் எல்லாம் அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டில் லேசுப்பட்ட காரியங்களா? பசி ஒரு கட்டை உடைத்தது என்றால் நன்றி இன்னொன்றை உடைத்தது.

சரி, மிச்சம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். பஞ்சத்தை அவர் நிறுத்தவில்லை. மழை பெய்துதான் நின்றது; பெய்த பிறகும் மலைக்காய்ச்சலில் (மலேரியாவில்) ஏராளமானோர் செத்தார்கள். ஒரு வீட்டு அடுப்பு ஒரு மாகாணத்தைக் காப்பாற்றாது. இதை உங்கள் மகள் தைரியமாக மேடையிலேயே சொல்லலாம்.

முதல் மிச்சம், பிழைத்த ஆட்கள். கணக்கெடுக்க முடியாத மிச்சம் இது. மதுரையில், மேலூரில், திருமங்கலத்தில், சிவகங்கைப் பக்கம் இன்றைக்கு நடமாடுகிறவர்களில் யாரோ சிலர், அந்த ஒரு வேளைக் கஞ்சியைக் குடித்துப் பிழைத்த பிள்ளையின் பேரனுக்குப் பேரன். அவர்களுக்கே அது தெரியாது. உங்கள் மகளின் வகுப்பிலேயே இருக்கலாம்.

அடுத்து, அரசாங்கம் கற்றுக்கொண்டது. பஞ்சத்துக்குப் பிறகு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1880இல் அறிக்கை வந்தது, 1883இல் பஞ்ச நிவாரண விதிகள் வந்தன. விலை ஏறுவதையும் சனங்கள் ஊர்விட்டு ஊர் அலைவதையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். வேலை செய்ய முடிந்தவருக்கு வேலை. முடியாதவருக்கு, கிராமம் கிராமமாகப் பட்டியல் எடுத்து, இலவசமாக உணவு. உயிரைக் காப்பது அரசின் கடமை என்று எழுத்தில் ஏறியது. குஞ்சரத்தம்மாளைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்படிச் சொன்னால் பொய். லட்சக்கணக்கான சாவுகள் எழுத வைத்த விதி அது. அவர் முதல் வாரத்திலேயே செய்ததை எழுத்தில் ஏற்ற அரசுக்கு இத்தனை வருஷமும் இத்தனை பிணமும் தேவைப்பட்டன என்பதைத்தான் சொல்கிறேன். விதி எழுதியும் 1943இல் வங்காளத்தில் அதை நடைமுறைப்படுத்தாமல் விட்டார்கள். அங்கே செத்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். காகிதத்தில் இருக்கிற விதி தானாக அடுப்பு மூட்டுவதில்லை.

பெரியாறு அணையும் இந்தப் பஞ்சத்தின் பின்விளைவுதான். மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை நூறு வருஷப் பழசு. பஞ்சம் பார்த்த பிறகுதான் அதற்கு வேகம் வந்தது. 1887இல் வேலை தொடங்கி 1895இல் தண்ணீர் திறந்தார்கள். தேனிப் பக்கம் அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள், வைக்கட்டும், நியாயம்தான்.

மூன்றாவது மிச்சத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: சோறு போடுவதற்கு முன்னால் கேள்வி கேட்கக் கூடாது என்ற வழக்கம். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. பஞ்சத்துக்கு ஒன்பது வருஷம் முன்பே, 1867இல், வள்ளலார் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டிவிட்டார். இன்றும் அணையாமல் எரிகிறது. ஆனால் அது ஒரு ஞானியின் காரியம். குஞ்சரத்தம்மாள் ஞானி இல்லை, ஜமீன் இல்லை, அதிகாரி இல்லை. ஒரு வீதியில் குடியிருந்த பெண். ஆகவே அவர் செய்ததைப் பார்த்து 'அது மகான் செய்வது, நம்மால் ஆகாது' என்று யாரும் ஒதுங்க முடியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நம் மாநிலத்து வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் மதிய உணவாயிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். ஒவ்வொரு முறையும் 'பணம் ஏது, பிள்ளைகள் படிக்க வருகிறார்களா சாப்பிட வருகிறார்களா' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி பழசுதான், டெம்பிள் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம் மதுரையில், கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். வடக்கு ஆவணி மூல வீதியிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். அந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் குஞ்சரத்தம்மாளுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. அவரை அறிந்தவன் என்ற முறையில் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்தது.

கோட்டைச் சுவரை இடித்து நகரத்தை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு விளக்குத் தூண் இருக்கிறது. அவரோடு வேலை பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் வீதிகள் இருக்கின்றன. குஞ்சரத்தம்மாள் பெயர் வாய்வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் நின்றுபோயிருக்கும். இப்போது ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை மேடையில் சொல்லப் போகிறது என்பதும் அந்த மிச்சத்தில் சேர்த்திதான். பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படும்.

பேச்சுக்கு எத்தனை நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று நிமிஷம்தான் என்றால் அணையையும் கமிஷனையும் விட்டுவிடலாம். ஒரு பவுண்டு தானியக் கூலியையும், அதே நேரத்தில் எதுவும் கேட்காமல் ஊற்றிய கஞ்சியையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும், கேட்கிறவர்களுக்கே விளங்கிவிடும். 450 கிராம் அரிசியை ஒரு பையில் கட்டி மேடைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். 'தாசி' என்ற சொல்லுக்கு ஆசிரியர் தயங்கினால், நான் மேலே எழுதிய சொத்துரிமைப் பத்தியை அவரிடம் காட்டிப் பேசிப் பாருங்கள்.